அமெரிக்க விவசாயிக்கு அரசு தரும் பணம்: விட்மன் கவுண்டியிலிருந்து சில கேள்வி பதில்கள்

வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், விட்மன் கவுண்டியில் உள்ள புல்மன் ஊரில் குடியிருக்கிறேன். ஒரு தானியக் கிடங்கில் கணக்கு வேலை. அப்பா மன்னார்குடிப் பக்கம் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். அதனால் ஊருக்குப் போன் போட்டாலும் சரி, இங்கே பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாலும் சரி, பேச்சு கடைசியில் மானியத்தில்தான் வந்து நிற்கும். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கவுண்டின்னா என்ன? நம்ம தாலுகா மாதிரியா, மாவட்டம் மாதிரியா?

மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு அது. வேலையைப் பார்த்தால் நம் மாவட்டம், இங்குள்ள மக்கள்தொகையைப் பார்த்தால் ஒரு சிறு நகராட்சி. விட்மன் கவுண்டியின் பரப்பு ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல், திருவாரூர் மாவட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆனால் மொத்த ஜனமே ஐம்பதாயிரத்துக்குள். அதிலும் பாதிக்கு மேல் புல்மனில். மற்றதெல்லாம் பலூஸ் என்று பெயர் பெற்ற, காற்று குவித்த வண்டல் மேடுகள். அலை அலையாக மேடு, மேடு முழுக்கக் கோதுமை. கால்வாயும் இல்லை, பம்புசெட்டும் இல்லை, முழுக்க மானாவாரி. நாட்டிலேயே அதிகக் கோதுமை விளையும் கவுண்டி என்ற பெயர் இதற்குப் பல ஆண்டுகளாக உண்டு.

நமக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. புல்மனில் வேலை செய்த ஆர்வில் வோகல் ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டை ரகத்தை இங்குள்ள கோதுமையோடு கலப்பினம் செய்தார். அந்த விதையைத்தான் நார்மன் போர்லாக் மெக்சிகோவுக்கு வரவழைத்தார். அங்கே உருவான குட்டைக் கோதுமைதான் 1960-களில் பஞ்சாப் வயல்களுக்கு வந்தது.

அமெரிக்காவுல விவசாயம் பண்ணா அரசாங்கம் சும்மாவே பணம் போடுமாமே, நிஜமா?

சும்மா போட்ட காலம் ஒன்று இருந்தது. 1996-லிருந்து 2013 வரை, விலை ஏறினாலும் இறங்கினாலும் ஏக்கர் கணக்கில் பணம் வந்துகொண்டிருந்தது. டெக்சஸில் பழைய நெல் வயலை மனையாக்கி வீடு கட்டிக் குடியிருந்தவர்களுக்குக்கூட வந்தது என்று பத்திரிகைகள் வெளியிட்டன. அந்த நேரடித் தொகையை 2014-ன் விவசாயச் சட்டம் நிறுத்திவிட்டது.

இப்போது வருவது நான்கு வழியில். விலையோ வருமானமோ இறங்கினால் ஈடு கட்டுவது ஒன்று. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் அரசு போடும் பங்கு ஒன்று. நிலத்தைப் பயிரிடாமல் விட்டால் தரும் வாடகை இன்னொன்று. வறட்சி, வணிகச் சண்டை என்று நெருக்கடி வரும்போது அவசரமாக அறிவிப்பது நான்காவது. பெரிய தொகைகள் பல ஆண்டுகளில் இந்த நான்காவது வழியில்தான் வந்திருக்கின்றன. விவசாயச் சட்டம் என்று சொல்கிறார்களே, அதன் செலவில் பெரும்பகுதி விவசாயிக்குப் போவதில்லை. ஏழைக் குடும்பங்களின் உணவு உதவிக்குப் போகிறது. நாட்டின் பண்ணைகளில் பாதிக்கும் மேற்பட்டவை எந்த அரசுத் தொகையும் வாங்காதவை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கோதுமைக்கு எப்படிக் கணக்குப் போடுறாங்க? ஒரு உதாரணம் சொல்லேன்.

விலை இழப்புத் திட்டத்தை இங்கே பி.எல்.சி. என்பார்கள். ஒவ்வொரு பயிருக்கும் சட்டத்திலேயே ஒரு விலை எழுதப்பட்டிருக்கும். இந்தப் பக்கத்தில் அதை நிர்ணய விலை என்று சொல்கிறேன். கோதுமைக்கு அது புஷலுக்கு 5.50 டாலராக இருந்தது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் அதை 6.35 ஆக்கியது. ஒரு புஷல் கோதுமை 27 கிலோ சொச்சம். நாடு முழுக்க அந்த ஆண்டுக்கான சராசரிச் சந்தை விலை இதற்குக் கீழே போனால், வித்தியாசத்தை அரசு தரும்.

ஒருவருக்கு 1,000 ஏக்கர் கோதுமைக் கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதிவான மகசூல் ஏக்கருக்கு 60 புஷல். சராசரி விலை 5.35-க்கு இறங்கிவிட்டது. புஷலுக்கு 1 டாலர் குறை. ஆனால் ஆயிரம் ஏக்கருக்கும் தரமாட்டார்கள், 85 சதவீதத்துக்குத்தான். 850 ஏக்கர், 60 புஷல், 1 டாலர்: 51,000. இதில் மத்திய அரசின் செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 5.7 சதவீதம் பிடித்துக்கொண்டு 48,093 டாலர் தருவார்கள். விலை 6.35-க்கு மேல் நின்றால் ஒன்றும் கிடையாது. அதோடு, வந்த பணம் வருமானக் கணக்கில் ஏறி வரியும் கட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்க்கப்படுவது எல்லா ரகக் கோதுமைக்குமான தேசிய சராசரி. இங்கே விளைவது பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் போகும் வெள்ளைக் கோதுமை. ஸ்னேக் ஆற்றில் படகேறி போர்ட்லண்ட் துறைமுகம் வழியாக ஜப்பான், பிலிப்பைன்ஸ், கொரியா போகிறது. போர்ட்லண்டில் வெள்ளைக் கோதுமை விலை விழுந்து, கான்சஸ் பக்கம் சிவப்புக் கோதுமை விலை நின்றுவிட்டால், இங்குள்ளவருக்கு நஷ்டமும் வரும், ஈடும் வராது.

அப்போ அரசாங்கமே கொள்முதல் பண்றதில்லையா, நம்ம நெல் கொள்முதல் நிலையம் மாதிரி?

இல்லை. விவசாயி தன் கோதுமையைக் கூட்டுறவுக் கிடங்குக்கோ வியாபாரிக்கோ விற்றுக்கொள்கிறார். அரசு மூட்டையைத் தொடுவதில்லை, வித்தியாசத்தை மட்டும் கணக்கில் போடுகிறது. விளைச்சலை ஈடு வைத்துக் கடன் வாங்கும் வசதி ஒன்று உண்டு. அதை விட்டால் கொள்முதல் என்ற பேச்சே இல்லை.

ஊரில் பலர் நம்பாத கணக்கு ஒன்று சொல்கிறேன். புஷலுக்கு 6.35 டாலர் என்பது 2025 நடுவில் இருந்த டாலர் மதிப்பில் குவிண்டாலுக்குச் சுமார் 2,000 ரூபாய். 2025-26 பருவத்துக்கு இந்திய அரசு அறிவித்த கோதுமை ஆதரவு விலை 2,425 ரூபாய். விலையை மட்டும் பார்த்தால் நம்முடையதுதான் அதிகம். இங்குள்ளவர் நிற்பது விலையால் அல்ல, ஏக்கரால்.

இந்த வருஷம் கோதுமை போடலைன்னா பணம் வராதா?

வரும். முதலில் கேட்டபோது நானும் குழம்பினேன். பணம் இன்று வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து வருவதில்லை. அந்த நிலத்தில் முன்பு என்ன பயிரிட்டார்கள் என்ற பழைய பதிவைப் பார்த்து வருகிறது. இதற்கு அடிப்படை ஏக்கர் என்று பெயர். பெரும்பாலான நிலங்களுக்கு இந்தப் பதிவு 1980-களில் தொடங்கியது. 2002, 2014 சட்டங்கள் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தன. மேலே சொன்ன உதாரணத்தில் 1,000 ஏக்கர் கோதுமை என்றேனே, அது இந்தப் பதிவுதான். அவர் அந்த ஆண்டு கொண்டைக்கடலை போட்டிருக்கலாம், நிலத்தைத் தரிசாகவும் விட்டிருக்கலாம். காய்கறியோ பழமோ அளவுக்கு மேல் போட்டால் மட்டும் தொகை குறையும்.

விதைப்புக்கும் பணத்துக்கும் தொடர்பை அறுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பணத்துக்காக ஒரே பயிரை எல்லோரும் விதைத்துக் குவித்துவிடக் கூடாது. உலக வணிக அமைப்பின் விதிகளும் இப்படிப் பிரித்த மானியத்தை அதிகம் நெருக்குவதில்லை. ஆனால் பக்கத்து வயலுக்குப் பதிவு இருந்து உன் வயலுக்கு இல்லாமல் போனால், இருவரும் ஒரே கோதுமையை விதைத்து ஒரே விலைக்கு விற்றாலும் அவருக்கு வரும், உனக்கு வராது. 2025 சட்டம் நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிதாகப் பதிவில் சேர்க்க வழி செய்திருக்கிறது. 2019 முதல் 2023 வரை பயிரிட்டதைக் கணக்கில் எடுப்பார்கள்.

விலை நல்லா இருந்து விளைச்சல் மட்டும் போச்சுன்னா?

அதற்கு இரண்டாவது திட்டம், ஏ.ஆர்.சி. இது விலையையும் மகசூலையும் பெருக்கி வரும் வருமானத்தைப் பார்க்கிறது. யாருடைய மகசூல் என்பதில்தான் சிக்கல். உன் வயலின் மகசூல் இல்லை, கவுண்டியின் சராசரி மகசூல். ஐந்து ஆண்டுகளில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு மீதி மூன்றின் சராசரியை எடுத்து, இந்த ஆண்டின் கவுண்டி வருமானம் அதில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பணம். 2025 சட்டம் அதை 90 சதவீதமாக்கியது.

மழையை வைத்துப் பார்த்தால் இது எங்கே கடிக்கிறது என்று புரியும். கவுண்டியின் கிழக்கே, புல்மன் பக்கம் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். ஆண்டுதோறும் பயிர். மேற்கே லாக்ராஸ், ஹூப்பர் பக்கம் போனால் 400-ஐத் தொடாது. அங்கே ஓர் ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு ஈரம் சேர்த்து, அடுத்த ஆண்டுதான் விதைக்கிறார்கள். மேற்கே காய்ந்து கிழக்கே விளைந்தால் சராசரி சரியாகவே நிற்கும். காய்ந்தவருக்கு ஒன்றும் வராது. கல்மழை ஒரு மேட்டை மட்டும் அடித்துப் போனாலும் அதே கதை. நம் ஊரில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் போட்ட சராசரியே பலருக்கு அநியாயமாகப்படுகிறது. ஒரு மாவட்டம் அளவுக்குச் சராசரி போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் குறையை உணர்ந்துதான் 2018 சட்டம், மிகப் பெரிய கவுண்டிகளில் அதிகபட்சம் 25-ஐ மட்டும் இரண்டாகப் பிரித்துக் கணக்கிட இடம் கொடுத்தது.

வழக்கமாகப் பி.எல்.சி.யா, ஏ.ஆர்.சி.யா என்று விலையும் விளைச்சலும் தெரியும் முன்பே தேர்ந்தெடுத்தாக வேண்டும். 2025 விளைச்சலுக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அதைத் தானாகவே தருவதாகச் சட்டம் சொல்லிவிட்டது.

விளைஞ்சது ஒரு வருஷம், பணம் அடுத்த வருஷமா?

ஆமாம். தேசிய சராசரி விலை தெரிந்தால்தானே கணக்கு முடியும்? கோதுமையின் சந்தை ஆண்டு ஜூனில் தொடங்கி மே மாதம் முடிகிறது. 2025 கோடையில் அறுத்த கோதுமைக்கான சந்தை ஆண்டு 2026 மே 31 வரை. பணம் 2026 அக்டோபரில். விதையும் டீசலும் உரமும் வாங்கியது 2024-ல். நடுவில் இருப்பது வங்கிக் கடன். மானியம் வருகிற அக்டோபரில் அதில் பெரும்பங்கு வங்கிக்கும் உரக் கடைக்கும்தான் போகிறது. எங்கள் கிடங்கின் பாக்கிக் கணக்குகளும் அந்த மாதத்தில்தான் அடைபடும். 2025 அக்டோபர் முதல் தேதி மத்திய அரசின் அலுவலகங்கள் நிதி ஒப்புதல் இல்லாமல் மூடப்பட்டபோது இந்தப் பணமும் நின்றது. அக்டோபர் 23-ல்தான் கவுண்டி அலுவலகங்களைச் சில ஊழியர்களோடு திறந்தார்கள்.

மனு எங்க கொடுக்கணும்? நம்ம ஊர் மாதிரி வி.ஏ.ஓ., தாசில்தார்னு அலையணுமா?

ஒரே அலுவலகம். பண்ணைச் சேவை முகமை, சுருக்கமாக எஃப்.எஸ்.ஏ. மத்திய வேளாண்மைத் துறையின் கிளை. நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள். இந்தக் கவுண்டிக்குத் தலைநகர் கோல்ஃபாக்ஸ், அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண். வானிலிருந்து எடுத்த படத்தில் வயல் வயலாக எல்லை போட்டு வைத்திருப்பார்கள். எந்த வயலில் என்ன விதைத்தோம் என்று ஆண்டுதோறும் போய்ச் சொல்ல வேண்டும். வசந்தப் பயிர்களுக்கு ஜூலை 15 கடைசி நாள். நம் அடங்கல் பதிவு மாதிரிதான், ஆனால் எழுதுவது கிராம நிர்வாக அலுவலர் அல்ல, விவசாயியே சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார். பொய் சொன்னால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கவுண்டி கமிட்டி. அந்த அலுவலகத்தின் முடிவுகளைப் பார்க்க விவசாயிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் குழு. நவம்பரில் தபாலில் வாக்குச்சீட்டு வரும், டிசம்பர் முதல் திங்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாண்டுப் பதவி. ஆனால் தேர்தல் என்றாலே நியாயம் என்று ஆகிவிடாது. தென்மாநிலங்களில் இந்தக் கமிட்டிகள் பல பத்தாண்டுகள் வெள்ளையர் கையில் மட்டும் இருந்தன. கறுப்பின விவசாயிகளின் கடன் மனுக்கள் தேங்கின, தள்ளப்பட்டன. அவர்கள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999-ல் அரசோடு சமரசத்தில் முடிந்து இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. அதற்குள் பலர் நிலத்தை இழந்திருந்தார்கள்.

குத்தகைக்கு உழறவனுக்குக் கிடைக்குமா, நிலத்துக்காரனுக்கா?

அப்பா கேட்டது. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

விதி இதுதான்: பயிரின் நஷ்டத்தை யார் தாங்குகிறாரோ அவருக்குப் பணம். நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டால் சொந்தக்காரருக்கு உரிமை இல்லை, முழுவதும் உழுபவருக்கு. வாரத்துக்கு விட்டால், விளைச்சலை எந்த விகிதத்தில் பிரிக்கிறார்களோ அதே விகிதத்தில் மானியமும் பிரியும். பலூஸில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு, இரு பங்கு உழுபவருக்கு என்ற வாரம் பழைய வழக்கம். அமெரிக்க விளைநிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் குத்தகையில்தான் இருக்கிறது. எனவே இது சின்ன விஷயம் இல்லை. நம் பி.எம். கிசான் திட்டம் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் என்கிறது. கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் காலம் காலமாகச் சாகுபடி செய்பவருக்கு அதில் இடமில்லை. இந்த ஒன்றில் அமெரிக்க விதி நம்முடையதைவிட நேர்மையானது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அந்த விதி வந்த வழி ரத்தமும் கண்ணீரும். 1933-ல் ரூஸ்வெல்ட் ஆட்சி, பயிரைக் குறைத்தால் பணம் தருவதாகச் சட்டம் போட்டது. தெற்கே பருத்திப் பண்ணைகளில் பணம் நிலச்சுவான்தார் கைக்குப் போனது. பயிர் குறைந்தபின் வாரக்குடி எதற்கு என்று குடும்பம் குடும்பமாக விரட்டினார்கள். 1934-ல் ஆர்கன்சாவின் டைரன்சா ஊரில் கறுப்பரும் வெள்ளையருமான குத்தகைதாரர்கள் சேர்ந்து தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கியது அதனால்தான். இன்றும் ஓர் ஓட்டை அப்படியே இருக்கிறது. மானியம் உழுபவர் பெயரில் வந்தாலும், அடிப்படை ஏக்கர் நிலத்தோடு ஒட்டியது. அடுத்த முறை குத்தகை பேசும்போது அந்தப் பணத்தையும் கணக்கில் வைத்தே நிலத்துக்காரர் கேட்பார். காகிதத்தில் உழுபவருக்கு வந்தது, குத்தகையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும்.

பெரிய பண்ணைக்காரங்களே எல்லாத்தையும் அள்ளிடறாங்களாமே?

பெரும்பகுதி அவர்களுக்குத்தான், உண்மை. காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது: ஏக்கரைப் பெருக்கினால் பணமும் பெருகும். 100 ஏக்கர்காரருக்கு அதே விலைச் சரிவில் வருவது 4,800 டாலர். அதற்காக அவர் ஒரு நாள் அலுவலகத்தில் உட்கார வேண்டும்.

உச்சவரம்பு உண்டு. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று இருந்ததை 2025 சட்டம் 1,55,000 ஆக்கியது. மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் கிடையாது. ஆனால் வரம்பு ஆளுக்குத்தான், பண்ணைக்கு இல்லை. கூட்டுப் பண்ணை என்று பதிந்தால் ஒவ்வொரு பங்காளிக்கும் தனி வரம்பு. பண்ணையில் உழைக்கிறார் அல்லது நிர்வாகம் பார்க்கிறார் என்று காட்ட வேண்டும். நிர்வாகம் என்பதைப் போனில் பேசியே காட்டிவிடலாம். 2018 சட்டம் அண்ணன் தம்பி மக்களையும் ஒன்றுவிட்ட உறவுகளையும் குடும்பம் என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. அண்மைச் சட்டங்களில் கதவு கொஞ்சம் அகலமாகியே வருகிறது. இதை நான் சரி என்று நினைக்கவில்லை. வரம்பைப் பண்ணைக்கு வைத்திருந்தால், பக்கத்து நிலம் விலைக்கு வரும்போது சிறியவருக்கும் ஏலம் கேட்கத் தெம்பு இருந்திருக்கும்.

பயிர்க் காப்பீடு இதுல சேருமா?

தனி. அதை விற்பவை தனியார் நிறுவனங்கள். விவசாயி கட்ட வேண்டிய பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதம் அளவுக்கு அரசு போடுகிறது. ஏ.ஆர்.சி.யைப் போலக் கவுண்டி சராசரியில் மாட்டிக்கொள்ளாமல், பெரும்பாலும் அந்தப் பண்ணையின் சொந்த மகசூல் வரலாற்றை வைத்தே ஈடு தருகிறது. எனவே லாக்ராஸ்காரருக்கு உண்மையில் கைகொடுப்பது இதுதான். 2021 ஜூன் கடைசியில் வடமேற்கு முழுக்க வெப்ப அலை அடித்தது. ஏற்கெனவே வறட்சி, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அனல். அந்த ஆண்டு கோதுமை மகசூல் படுத்துவிட்டது. காப்பீடு இல்லையென்றால் அடுத்த விதைப்பே நடந்திராது என்று கிடங்குக்கு வந்த பலர் சொன்னார்கள்.

பயிரே போடாம நிலத்தைச் சும்மா வெச்சிருந்தா வாடகை தர்றாங்களாமே?

சி.ஆர்.பி. என்ற திட்டம், 1985-ல் வந்தது. அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தில் 10 அல்லது 15 ஆண்டுக்குப் பயிர் நிறுத்தி, புல்லும் செடியும் வளர்த்துக் காப்பாற்றினால் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டு வாடகை. சும்மா வைத்திருப்பது என்று சொல்ல முடியாது. களை எடுக்க வேண்டும், அலுவலகம் சொன்ன செடி முளைத்திருக்க வேண்டும்.

பலூஸ் மேடுகளைப் பார்த்தவர்கள் இதைக் குறை சொல்லமாட்டார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகச் செங்குத்துச் சரிவுகளில் உழுததில் மேட்டு முகடுகளில் கறுப்பு மண் போய் மஞ்சள் களி தெரிகிறது. பனி உருகும் மாதங்களில் ஓடைகள் பழுப்பாக ஓடும். அதே 1985 சட்டம் இன்னொன்றும் சொன்னது: அரிக்கும் நிலத்தில் மண் காப்புத் திட்டம் இல்லாமல் உழுதால் மற்ற மானியங்களும் கிடையாது. அரசு பணம் கொடுத்து வாங்கியதில் உருப்படியானது எது என்று கேட்டால், இந்த மண்ணைத்தான் காட்டுவேன்.

நாங்க கடையில வாங்குற அமெரிக்கக் கொண்டைக்கடலை மானியத்துல விளைஞ்சதா?

இங்கிருந்து வந்ததாக இருக்கலாம். பலூஸ் கொண்டைக்கடலைக்கும் மசூர் பருப்புக்கும் பட்டாணிக்கும் பேர் போன இடம். கோதுமைக்கு அடுத்து நிலத்தை மாற்றிப் போடுவது இவற்றைத்தான். மேலே சொன்ன நிர்ணய விலைத் திட்டத்தில் இவையும் சேரும்.

இந்தியா 2017 கடைசியில் பருப்புகளுக்கு இறக்குமதி வரியை ஏற்றியது. அமெரிக்கா நம் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வரி போட, பதிலுக்கு 2019 ஜூனில் அமெரிக்கக் கொண்டைக்கடலை, மசூர், பாதாம், ஆப்பிள் மீது கூடுதல் வரி விழுந்தது. அது 2023 செப்டம்பரில்தான் நீங்கியது. அந்த வணிகச் சண்டைக் காலத்தில் அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் 2,300 கோடி டாலர் அளவுக்கு ஈட்டுத்தொகை கொடுத்தது. 2019-ல் அது கவுண்டிக்கு ஒரு விகிதம். ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை. பணம் வந்தது, வாங்குபவர் திரும்பி வரவில்லை. இந்தியா தனக்கு வேண்டியதைக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாங்கப் பழகிவிட்டது.

ஆப்பிள் தோட்டக்காரங்களுக்கு?

இதே மாநிலத்தில் யாக்கிமா பக்கத்து ஆப்பிளுக்கும் செர்ரிக்கும் நிர்ணய விலையும் இல்லை, அடிப்படை ஏக்கரும் இல்லை. காப்பீடும் எப்போதாவது வரும் அவசர உதவியும் மட்டும்.

யாருக்கு எவ்வளவு வந்ததுன்னு ஊருக்கே தெரியுமாமே, வெட்கமா இருக்காதா?

எஃப்.எஸ்.ஏ. தரும் தொகைகள் பொதுத் தகவல். 1995 முதலான பட்டியலைச் சூழல் பணிக்குழு என்ற அமைப்பு கவுண்டிவாரியாக, பெயரோடு இணையத்தில் வைத்திருக்கிறது. சிலருக்குச் சங்கடம்தான். காபிக் கடையில் பக்கத்து மேசைக்காரருக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டே குட்மார்னிங் சொல்ல வேண்டும். ஆனால் காப்பீட்டுப் பிரீமியத்தில் யாருக்கு அரசு எவ்வளவு போட்டது என்பது பெயரோடு வெளிவராது. அங்கேயும் பெரும்பணம் இருக்கும்போது ஒரு பகுதியை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

அக்கா, எச்1பி விசாவுல இருந்துகிட்டே நிலம் வாங்கி மானியம் வாங்கலாமா?

குடிமகனோ நிரந்தரக் குடியுரிமை அட்டை உள்ளவரோ என்றால் தடையில்லை. மற்றவர்கள் நிலம், முதல் இரண்டோடு தங்கள் உடலுழைப்பையும் கணிசமாகப் போட்டால்தான் தகுதி. ஆபீசில் முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு அதைக் காட்ட முடியாது.

நிலம் வாங்குவது பற்றி ஒன்று தெரிந்துகொள், தம்பி. 1921-ல் வாஷிங்டன் மாநிலம் போட்ட சட்டம், குடியுரிமை பெற முடியாத அயல்நாட்டார் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்றது. ஜப்பானியரைக் குறிவைத்தது. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியருக்கும் குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நம்மவரும் அந்தத் தடைக்குள் விழுந்தார்கள். மாநில மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை நீக்கியது 1966-ல்தான்.

நமக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய். அவங்களுக்கு லட்சக்கணக்குல. இது நியாயமா?

இரண்டும் வேறு வேறு ஜாதிப் பணம். பி.எம். கிசான் ஓர் ஏக்கர்காரருக்கும் பத்து ஏக்கர்காரருக்கும் அதே 6,000. விலை ஏறினாலும் விழுந்தாலும் அதே. இங்கே ஏக்கருக்கு ஏற்ப, விலைக்கு ஏற்ப. ஆளைப் பார்த்துக் கொடுக்கும் நம் முறை சிறியவருக்கு நல்லது, ஆனால் தொகை 2019-ல் நின்ற இடத்திலேயே நிற்கிறது, உழுபவரையும் விட்டுவிடுகிறது. ஏக்கரைப் பார்க்கும் இவர்கள் முறை உழுபவரைச் சேர்த்துக்கொள்கிறது, சிறியவரைக் கைவிடுகிறது. உர மானியம், இலவச மின்சாரம், கொள்முதல் எல்லாவற்றையும் சேர்க்காமல் இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியான ஒப்பீடு ஆகாது. அப்பா நிலையில் இருப்பவருக்கு எந்த ஊர் விதி உதவும் என்று கேட்டால், ஆளுக்குத் தொகை என்ற நம் முறையும், நஷ்டம் தாங்குபவருக்கே என்ற இவர்கள் விதியும் சேர்ந்த ஒன்று.

நிலமும் இல்லாம, குத்தகையும் இல்லாம கூலிக்கு வேலை செய்றவங்களுக்கு அங்க என்ன கிடைக்கும்?

இந்தத் திட்டங்கள் எதிலும் ஒன்றுமில்லை. பலூஸில் இயந்திரங்கள்தான் அதிகம். அறுவடைக்கு லாரி ஓட்ட வருபவருக்குக் கூலி மட்டும். யாக்கிமாவில் ஆப்பிள் பறிக்கும் மெக்சிகோத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர். கொரோனாவுக்குப் பிறகு மத்திய அரசு பண்ணைத் தொழிலாளர்களுக்கும் உணவுப் பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் ஆளுக்கு 600 டாலர் கொடுத்தது. அது ஒரே ஒரு முறை.